யார் என்று கேட்டால் நான்தான்

வக்கீலம்மா என்னை உட்காரச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனார். நான் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தேன். அறை ரொம்பச் சின்னது. கீழே ஜெராக்ஸ் கடை. அந்த மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு காலில் ஏறி, வெந்துபோன கைக்குள் புகுந்து, அங்கே அரிப்பாக மாறும். சொன்னால் நம்ப மாட்டீர்கள். பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"நாற்காலி சும்மாதானே கிடக்கு. உக்காருங்கக்கா" என்றார் வக்கீலம்மா. என்னைவிட வயதில் சின்னவர். மேஜை முழுக்கக் கோப்புகள், அவற்றின் மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"உக்காந்தா அரிக்கும்மா."

"நின்னா அரிக்காதா?"

"நின்னாலும் அரிக்கும். நடந்தா, அது நம்மளப் பிடிக்கறதுக்குள்ள ரெண்டு அடி தள்ளிப் போயிடலாம்."

என் வீட்டுக்காரர் இன்னொரு நாற்காலியின் நுனியில், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் ஒரு நிறம் இருக்கும். அன்றைக்கு நீலம்.

"மேடம், இவ நல்லா இருந்தப்பவே ஒரு இடத்துல நிக்க மாட்டா. நீங்க எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்" என்றார்.

"வெந்தது உங்க கையா, என் கையா? எங்கிட்டயே கேக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை செய்த இடத்தில் எல்லோரும் என்னை மொளகா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்கு மொளகாக்கா. இந்தக் கை இப்படி ஆனபிறகு காரம் இன்னும் கூடிவிட்டது.

வலது பக்கம், காதுக்குக் கீழே ஆரம்பித்து விரல் நுனிவரை. நெருப்பு இல்லை, நீராவி. தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்று. ராத்திரியும் பகலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே புதுத் தோல், காய்கிற பசை மாதிரி, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடைசி மூன்று விரலும் உள்ளங்கையோடு மடங்கிவிட்டன. சீக்கிரம் இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் விரியும், தள்ளிப்போட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கான செலவை நான் வேலை செய்த லாண்டரிதான் கொடுக்க வேண்டும். லாண்டரி மாட்டேன் என்றது. ஏற்கெனவே இரண்டு வக்கீல்களைப் பார்த்தாயிற்று. என் விரல்தான் விரியவில்லை, அவர்கள் நன்றாகவே கையை விரித்தார்கள்.

காரணம் ஒரே ஒரு வார்த்தை. வக்கீலம்மாவும் இப்போது அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து உங்ககிட்ட கேட்டிருக்காரு, 'இது யாரால ஆச்சு?'ன்னு." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "நீங்க 'நான்தான்'னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"ஆனா நீங்க எதுவும் பண்ணல."

"நான் எங்கம்மா பண்ணேன்? பைப்பு வெடிச்சுது. துணிய உள்ள விட்டுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு பார்த்த வக்கீல்களிடம் சொன்னபோது, காதில் பூச் சுற்றுகிறாள் என்பதுபோல் பார்த்தார்கள். இருந்தாலும் சொன்னேன்.

எங்கள் லாண்டரிக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, ஆவியில் சூடாகும் பெரிய உருளைக்குள் விட்டு எடுத்து, நீள மேஜையில் போட்டு மடிக்க வேண்டும். அந்த உருளையையும் மேஜையையும் பார்த்துக்கொள்வது நாங்கள் ஆறு பெண்கள். முன்பு இருந்த சூப்பர்வைசர் ஒரு பாவி. விரிப்பு ஈரத்தரையில் விழுந்தாலோ ஓரம் கருகினாலோ, "யாரு அது?" என்று ஓடி வருவான். ஆள் கிடைத்தால் அவள் கூலியை வெட்டுவான். ஒருநாள் இப்படித்தான் கத்திக்கொண்டு வந்தபோது, ஆறு பேரும் ஒரே மூச்சில் "நான்தான்" என்றோம். அவன் திருதிருவென்று விழித்தான். ஆறு பேர் கூலியையும் வெட்டினால் மறுநாள் துணியை அவனா மடிப்பான்? திட்டிக்கொண்டே போய்விட்டான். நாங்கள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எது விழுந்தாலும், உடைந்தாலும், கருகினாலும் கேள்வி வருவதற்கு முன்பே ஆறு வாயும் "நான்தான்" என்று சொல்லும். புதிதாக ஒரு பெண் சேர்ந்தால், மடிக்கச் சொல்லித்தருவதற்கு முன் இதைத்தான் சொல்லித்தருவோம். அந்தப் பாவி போய் வேறு ஆள் வந்த பிறகும் நிற்கவில்லை. தும்மல் மாதிரி ஆகிவிட்டது. சத்தம் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

வக்கீலம்மா முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அரை மயக்கத்துல கிடந்தேன்மா. யாரோ 'யாரால'ன்னாங்க. வாய் பாட்டுக்குச் சொல்லிடுச்சு. அன்னைக்கு உலகமே அழிஞ்சு, யாரு பண்ணதுன்னு கேட்டிருந்தாலும் நான்தான்னுதான் சொல்லியிருப்பேன்."

"நான் நம்புறேன்க்கா" என்றார் அவர். அதுவரை ஒருவரும் சொல்லாத வார்த்தை. "ஆனா நான் நம்பி என்ன பிரயோஜனம்? விசாரணை அதிகாரி நம்பணும். உங்ககூட வேலை செய்யறவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும். இப்படி ஒரு வழக்கம் இருக்கு, பைப்பு முன்னாடியே கெட்டுப்போயிருந்துச்சு, ரெண்டும்."

"ஒருத்தர் என்ன? அஞ்சு பேரும் வந்து நிப்பாங்க. எங்க கூட்டத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஆபரேஷன் முடிந்து விரல் விரிந்துவிட்டதுபோலவே இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போதுதான் அந்த உறையைக் கழற்றலாம். பச்சைத் தண்ணீர் படும்போது அரிப்பு கொஞ்சம் அடங்கும். அதற்காகவே அடிக்கடி குளிப்பேன். சமையலறையில் தட்டு ஒன்று விழுந்து உருண்டது.

"நான்தான்!" என்று கத்தினேன்.

"அம்மா, நீ குளிச்சுக்கிட்டு இருக்க" என்றாள் மகள். "தட்டைப் போட்டது நான்."

வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஒரு வார்த்தைதான்டி நம்ம குடியக் கெடுத்துச்சு" என்றார்.

"தெரியாமயா இருக்கேன்? நாக்கை வெட்டிப் போட்டுடவா?"

"வெட்டிட்டா என்னை யாரு திட்டுவா" என்று முணுமுணுத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுத் தலைவாரத் தொடங்கினார். இப்போதெல்லாம் அவர்தான் வாரிவிடுகிறார். ஏணியைக் கட்டுகிற கயிறு மாதிரி ஒரு பின்னல் போடுவார். அவளும் பாவம், ஒன்றும் சொல்லாமல் அதோடு பள்ளிக்கூடம் போவாள். பின்னலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். மூன்று விரல் மடங்கிய கையால் சீப்பைப் பிடிக்கலாம், மூன்று கால் எடுத்துப் பின்ன முடியாது. இந்த விரல் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், விரல் வேண்டும். அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாண்டரி வாசலுக்குப் போனேன். எதிரே டீக்கடை. வெயில் பட்டால் தோல் கபகபவென்று எரியும், அதனால் துப்பட்டாவைத் தலையோடு கையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு கடைத் தகரத்துக்கு அடியில் நடந்துகொண்டிருந்தேன். டீ போடுகிறவர், "அம்மா, ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க, எனக்குக் கண்ணக் கட்டுது" என்றார்.

சித்தி, நெட்டை, கொசு மூவரும் வந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கும் உருளையில் வேலை. சித்தி யாருக்கும் சொந்தச் சித்தி இல்லை. எங்களில் மூத்தவள், எல்லோருக்கும் சித்தி. நெட்டை உயரம். கொசு, ஊதினால் பறந்துவிடுவாள், ஆனால் ரீங்காரம் நிற்காது. கொசுதான் முதலில் ஓடி வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மொளகாக்கா, எப்படி எளைச்சுட்ட!"

"எளைக்கல. ஒரு பக்கம் வெந்து சுருங்கியிருக்கேன். அழாத, டீ குடி."

விஷயத்தைச் சொன்னேன். வக்கீலம்மா கேட்டது, விசாரணை நாள், எல்லாம். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கொசு, மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டாள். நெட்டை தெருவைப் பார்த்தாள்.

"என்னடி, பேச்சக் காணோம்?" என்றேன். "பைப்பு கெட்டுப்போயிருந்துச்சா இல்லையா? நான் விசில்கிட்ட சொன்னேனா இல்லையா?"

விசில் என்பது இப்போதைய சூப்பர்வைசர். கழுத்தில் விசில் தொங்கும், அதை ஊதித்தான் எங்களைக் கூப்பிடுவார். முன்பு எங்கள் மேஜையிலேயே மூட்டை தூக்கி, விரிப்பு மடித்து, அப்புறம் மேலே போனவர். உருளைக்கு ஆவி போகிற ரப்பர் பைப்பில் கீறல் விழுந்து ஆவி கசிந்தபோது அவரிடம் போய்ச் சொன்னது நான்தான். "புதுசு வருது, அதுவரைக்கும் சமாளி" என்றார். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பைப்பின் மேல் கெட்டியாகத் துணி சுற்றியிருந்தது. கசிவே தெரியவில்லை. சரி, புதுப் பைப்பு மாட்டி, சூடு தெரியாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று வேலையை ஆரம்பித்தேன். சுற்றியிராவிட்டால், கசிவைப் பார்த்திருப்பேன், தள்ளி நின்றிருப்பேன். அவ்வளவுதான் நடந்தது.

"அது கிடக்கட்டும். அந்தத் துணியச் சுத்தினது யாரு?" என்று கேட்டேன்.

எதற்கெடுத்தாலும் நான்தான் என்று கத்துகிற வாய்கள் ஒன்றும் திறக்கவில்லை. சித்தி டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிடும்டி" என்றாள், தலை நிமிராமல். "இந்த வயசுல என்னை எவன் சேத்துப்பான்?"

"எனக்குக் கையே போச்சு சித்தி."

"தெரியுதுடி. தெரியாமயா?"

அதற்குள் உள்ளே விசில் ஊதியது. மூவரும் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெரு என்றும் பார்க்காமல் பின்னாலிருந்து கத்தினேன்.

"உள்ள ஆறு வாய் இருக்குமே, இப்ப எங்கடி போச்சு? வெளிய வரும்போது வாயை அடகு வெச்சுட்டு வந்தீங்களா?"

நெட்டை மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது. டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

விசாரணை நாளன்று நானும் வீட்டுக்காரரும் வக்கீலம்மாவும் சீக்கிரமே போய்விட்டோம். நீளமான அறை. பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஒரு பெண். சுவரோரம் இரண்டு பெஞ்சு, ஆளுக்கொரு பக்கம். மூலையில் தண்ணீர் ஜாடியும் கண்ணாடி டம்ளர்களும். தரை பளிங்கு மாதிரி துடைத்திருந்தது. நான் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கம்பெனி வக்கீல் வந்தார், அவருக்குப் பின்னால் விசில், அவருக்குப் பின்னால் சித்தி, நெட்டை, கொசு. எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. "பார்த்தீங்களா, வந்துட்டாங்க!" என்று வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். மூவரும் தலையைக் குனிந்துகொண்டே போய், எதிர்ப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் அங்க உக்காருறாங்க?"

வக்கீலம்மா தயங்கினார். "அக்கா, அவங்க கம்பெனி சாட்சி."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள். நெட்டையின் பிரசவத்துக்கு நான்தான் ஓடினேன். அவள் இப்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சித்தியை முதலில் கூப்பிட்டார்கள். மேஜை முன்னால் போய் நின்றாள்.

"பைப்புல ஏதாவது கோளாறு இருந்ததா?" என்று கேட்டார் அதிகாரி.

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"எது நடந்தாலும் எல்லாரும் 'நான்தான்'னு சொல்லிக்குவீங்களாமே. அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

சித்தி புடவை முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "அப்படி ஒண்ணும் இல்லீங்கய்யா."

என் நெஞ்சில் ஏதோ பொசுக்கென்று அணைந்தது. இதற்கு அந்த ஆவியே மேல்.

அடுத்தது விசில். இஸ்திரி போட்ட சட்டை, அன்றைக்குக் கழுத்தில் விசில் இல்லை. வக்கீலம்மா எழுந்து கேட்டார்.

"நீங்க முன்னாடி அதே மேஜையில வேலை பார்த்தவர்தானே?"

"ஆமாங்க. கஷ்டப்பட்டு மேல வந்தவன்."

"அப்ப உங்களுக்கு இந்த வழக்கம் தெரிஞ்சிருக்கணுமே."

"சத்தியமா இல்லீங்க. நம்ம இடத்துல அவங்கவங்க தப்புக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. செய்யாத தப்பை எவனாவது ஒத்துப்பானா? பைத்தியக்காரனா?" என்று சொல்லிச் சிரித்தார். கம்பெனி வக்கீலும் சிரித்தார். அதிகாரியின் உதடும் லேசாக அசைந்தது.

மேஜையில் இருந்த காலத்தில், எங்கள் ஆறு பேரோடு ஏழாவதாகச் சேர்ந்து, எல்லோரையும்விட உரக்கக் கத்துவது இந்த ஆள்தான். அந்தக் குரல் என் காதிலேயே இருக்கிறது. நான் நடந்த வேகத்தில் பெஞ்சு காலில் இடித்துக்கொண்டேன். இருமல் வந்தது, நிற்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார் அதிகாரி. "நீங்க இப்படி நடந்துக்கிட்டே இருந்தா எனக்குத் தலை சுத்துது."

பியூன் ஜாடியிலிருந்து ஊற்றி டம்ளரை நீட்டினார். கோபத்தில் இருந்தவளுக்கு எந்தக் கை என்று நினைவு இருக்குமா? பிறந்ததிலிருந்து நீட்டிய கையையே நீட்டினேன். இரண்டு விரல் டம்ளரைத் தொட்டன. மற்ற மூன்றும் வரவில்லை. டம்ளர் நழுவியது. அந்தப் பளிங்குத் தரையில் விழுந்து சுக்குநூறாகச் சிதறியது.

"நான்தான்!"

நான்கு குரல். மூன்று, எதிர்ப் பெஞ்சிலிருந்து. நான்காவது, அதிகாரியின் மேஜைக்கு நேர் முன்னாலிருந்து, மற்ற மூன்றையும் அமுக்கிக்கொண்டு.

என் வாயும் திறந்துவிட்டது. நாக்கு எழும்பி மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. உதட்டைப் பல்லால் கடித்து மூடினேன். ரத்தம் உப்புக் கரித்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சொல்லாமல் நின்றேன்.

கம்பெனி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். விசில் பேயறைந்த மாதிரி நின்றார். கையை வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார். கொசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அதனால் ஒரு பயனும் இல்லை.

அதிகாரி தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். அப்புறம் விசிலைப் பார்த்தார்.

"நீங்களா போட்டீங்க?"

"இல்லீங்கய்யா. ஏதோ... வாய் தவறி..."

"நீங்க இங்க நிக்கறீங்க. டம்ளர் அங்க விழுந்திருக்கு." பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு பேரா?"

கொசு அழ ஆரம்பித்துவிட்டாள். அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு போட்டது?"

"என் கையில இருந்து விழுந்துச்சுய்யா" என்றேன். "விரல் விரியல. பிடிக்க முடியல. அதான் விழுந்துச்சு."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை நாள் ஒரு ஆள் முன்னால் அழாதவள், ஊர் பேர் தெரியாத ஒரு அதிகாரி முன்னால் அழுதேன். வக்கீலம்மா எழுந்து, இதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி வக்கீலும் எழுந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அதற்கு நடுவே சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். கீழே எது விழுந்தாலும் பொறுக்குகிறவள் அவள்தான்.

"நீங்க விடுங்கம்மா, நான் பெருக்கிக்கறேன்" என்றார் பியூன். அவள் கேட்கவில்லை.

"பைப்பு கீறியிருந்துச்சுங்கய்யா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. பேசிக்கொண்டிருந்த வக்கீல்கள் இருவரும் நிறுத்தினார்கள். "இவ போய்ச் சொன்னா. நானும் பக்கத்துல நின்னேன். புதுசு வாங்கறதுக்குப் பதிலா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி துணியச் சுத்திடுன்னு சூப்பர்வைசர் இவருதான் சொன்னாரு."

"யாருகிட்ட சொன்னாரு? சுத்தினது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

சித்தி அவரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான்தான்டி" என்றாள். "அன்னைக்குக் கடையில நீ கேட்டப்ப வாய் வரலடி. சுத்தினது நான்தான்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "இதையும் எழுதவாங்கய்யா?" என்று கேட்டாள்.

"ஒரு எழுத்து விடாம எழுதுங்க" என்றார் அதிகாரி. "இந்த 'நான்தான்'ஐயும் எழுதுங்க. அந்த நாலையும் எழுதுங்க."

விசில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அறைந்திருப்பேன். அவள் சுற்றிய துணிதான் என் கையைத் தின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் கொதிக்கும். ஆனால் அவள் கண்ணைத் தண்ணீர் மறைக்க, கை தடவித் தடவிக் கண்ணாடித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. நானும் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கையை எடு சித்தி" என்றேன். "குத்திடும்."